கழுகுமலை: பாறையும் தேர்வீதியும்

சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் வந்து, கோவில்பட்டிச் சாலையில் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால், கரிசல் காட்டின் நடுவே வழுவழுப்பான ஒற்றைப் பாறைக் குன்றாகக் கழுகுமலை எழுந்து நிற்கும். பாளையக்காரர் காலத்தில் மேற்கே சிவகிரி, சேத்தூர், ஊற்றுமலை என மறவர் பாளையங்கள் இருந்தன. கிழக்கே நாயக்கர் பாளையமான எட்டயபுரம் இருந்தது. கழுகுமலை அந்த எட்டயபுரத்துக்குச் சொந்தமான ஊர். இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்றைச் சொல்வார்கள்: மேலே முடியாமல் நிற்கும் வெட்டுவான் கோயில், பாறைச் சரிவு நிறையச் செதுக்கிய சமணத் திருமேனிகள், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியாகிய முருகனின் குடைவரை. நான்காவதாக ஒரு கட்டடமும் இந்த ஊரின் வரலாற்றில் உண்டு. 1890களில் தேர்வீதியில் கத்தோலிக்கர்கள் ஏற்படுத்திய சிறு செபக்கூடம் அது. கலை வரலாறு எழுதியவர்கள் அதைத் தொடவே இல்லை. அதில் செதுக்கு வேலை எதுவும் இல்லையே! சாதி வரலாறு எழுதியவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மலையை விட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஓர் உண்மை பிடிபடுகிறது. இந்த மலையில் பல சமயத்தார் பல நூற்றாண்டுகள் அருகருகே உளி பிடித்தும் பாறை யாருக்கும் இடம் மறுக்கவில்லை. மறுத்தது தெரு. அந்த மறுப்புக்கு வேர் சமயக் கொள்கையில் இல்லை. தெரு எதற்காக, யாருக்காக வகுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

முதலில் வெட்டுவான் கோயில். பெயருக்கேற்ப இது வெட்டி எடுத்த கோயில். கல்லின்மேல் கல் வைத்துக் கட்டியதல்ல. மலைச்சரிவில் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குப் பாறையைச் சுற்றிலும் பள்ளமாக இறக்கி, நடுவே விட்ட கல்திரளையே கோயிலாகச் செதுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று பக்கம் வெட்டுச் சுவர், நடுவில் இரு தள விமானம். உச்சியில் எண்பட்டைச் சிகரம், அதன் கீழே மூலைகளில் நந்திகள், திசைக்கொன்றாகத் தெய்வங்கள். உமையோடு அமர்ந்த சிவன், திருமால், பிரமன் என்று மரபுப்படி வரும் வரிசையில் தென்புறத் தட்சிணாமூர்த்தி மட்டும் மரபை மீறுகிறார். ஆலமரத்தடியில் மௌனமாக உபதேசிக்க வேண்டியவர் இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். விரல்கள் தோலின்மேல் படிந்திருக்கும் விதமும் தலையின் சாய்வும், வாசிப்பைக் கேட்டுப் பழகிய ஒருவன்தான் இதைச் செதுக்கியிருக்க முடியும் என்று காட்டுகின்றன. கூடுகளுக்கு நடுவே பூதகணங்கள் சிரிக்கின்றன, ஆடுகின்றன, தொப்பையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கின்றன. கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் இந்தக் கலகலப்பு சட்டென்று அடங்கிவிடுகிறது. கீழ்த்தளத்துச் சுவர் வெறும் பருவெட்டு. தூண் வரவேண்டிய இடத்தில் பட்டையான முண்டு. அடித்தளம் பாறையிலிருந்து பிரியவே இல்லை.

மேலே முடிந்து கீழே முடியாமல் நிற்கும் இந்த நிலையைக் குறை என்று கருதுவதைவிட, வேலை எப்படி நடந்தது என்பதற்கான பதிவேடாகக் கொள்வதே பயனுள்ளது. கட்டுமானக் கோயில் அடித்தளத்தில் தொடங்கிச் சிகரத்தில் முடியும். ஒற்றைக்கல் கோயிலில் எல்லாமே தலைகீழ். சாரம் வேண்டாம், கல்லை மேலே ஏற்றும் பாடு இல்லை. ஆனால் தப்பினால் திருத்த வழியும் இல்லை. சிகரத்தின் முதல் பட்டையைச் செதுக்குவதற்கு முன்பே அடித்தளம் எங்கே நிற்கும், வாசல் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் தீர்மானமாகியிருக்க வேண்டும். கீழே பாறை உடைக்கும் ஆட்களும் மேலே நுண்வேலை செய்யும் சிற்பிகளும் ஒரே நேரத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது, முழுதாக முடிந்த சிகரமும் வெறும் முண்டாக நிற்கும் சுவரும் ஒரே கல்லில் இருப்பதிலிருந்தே விளங்கும். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட குடைவரைகளில், பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, இடையில் துருத்தும் கட்டிகளைத் தட்டி எடுத்த தடம் இன்னும் தெரியும். அந்தத் தொழில்தான் இங்கும். தெற்கே பாண்டியர் இதைச் செய்ய முனைந்த அதே 8ஆம் நூற்றாண்டில், வடக்கே ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணனின் ஆட்சியில் எல்லோராவின் கைலாசநாதர் கோயில் மலையிலிருந்து பிரிந்து வந்துகொண்டிருந்தது. கழுகுமலையைத் தென்னாட்டு எல்லோரா என்று சொல்லும் வழக்கம் அதனால் வந்தது. அளவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பெரிதாகப் புகழ வேண்டும் என்ற ஆசையில் பிறந்த பட்டம் அது. ஆனால் எல்லோராவின் பாறை எரிமலைக் குழம்பு இறுகியது; இங்கிருப்பது நம்மூர்க் கருங்கல். உளிக்கு எது அதிகம் முரண்டு பிடிக்கும் என்று கல்தச்சரைக் கேட்டால் தெரியும்.

வேலை ஏன் நின்றது? ஊரில் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரிந்தது. மேலே தகப்பன் வெட்டுவான் கோயிலைச் செதுக்க, கீழே மகன் முருகன் கோயிலைக் குடைய, மகன் முந்திக்கொண்டான் என்று கேள்விப்பட்ட தகப்பன் ஆத்திரத்தில் அவனைக் கொன்றான். மேலே வேலையும் நின்றது. இதே அச்சில் வார்த்த கதைகளைச் சிற்பிகள் வேலை செய்த பல ஊர்களில் கேட்கலாம். ஒற்றைக்கல் கோயில் ஒருவன் கையால் ஆகிற வேலை இல்லை என்பதே இதற்குப் போதுமான மறுப்பு. தலைமைச் சிற்பி போனால் அடுத்தவன் எடுத்துச் செய்வான். கூலி நின்றால்தான் உளி நிற்கும். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தோடு இந்தக் கோயிலை அறிஞர்கள் இணைக்கிறார்கள். சுமார் 765இலிருந்து 815 வரை ஆண்டவன் அவன். வேள்விக்குடிச் செப்பேடு அவனுடைய மூன்றாம் ஆட்சியாண்டில் வெளியானது. 770இல் அவனுடைய அமைச்சன் மாறன் காரி மதுரைக்கு அருகே ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தான். நெடுஞ்சடையனுக்குப் பின் வந்தவர்கள் இலங்கையோடும் பல்லவர்களோடும் ஓயாமல் போரிட்டார்கள். 9ஆம் நூற்றாண்டில் சிங்களப் படை மதுரை வரை வந்து கொள்ளையிட்டது. போர்ச் செலவு ஒரு பக்கம். மலையைக் குடைவதைவிடக் கல் அடுக்கிக் கட்டுவதே லாபம் என்று தமிழ்நாடு முழுவதும் தொழில் மாறிக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்து காரணம் என்று முத்திரை குத்த வேண்டிய அவசியமில்லை. நமக்கு முக்கியமானது வேறு: கைவிட்ட அந்தக் கல்லை அதன்பின் யாரும் உடைக்கவில்லை, வேற்றுச் சமயத்தார் வந்து தங்கள் திருமேனியை அதில் செதுக்கி உரிமை கொண்டாடவும் இல்லை. அத்தனைக்கும், உளி பிடிக்கத் தெரிந்த வேற்றுச் சமயத்தார் அதே மலையில், கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

அவர்கள்தான் சமணர்கள். கல்வெட்டுகள் அரைமலை என்று குறிக்கும் இந்த மலையில், நீண்ட பாறை முகப்பு முழுவதும் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் சிறு சிறு மாடங்களில் அமர்ந்திருக்கிறார்கள். முக்குடை, பத்மாசனம், பாதிமூடிய கண். ஏறக்குறைய எல்லாம் ஒரே வார்ப்பு. இந்தச் சிறு உருவங்களுக்கு நடுவே பெரிய புடைப்புகள் சில உண்டு. பார்சுவநாதர் தலைக்குமேல் நாகம் ஐந்து படம் விரித்திருக்கிறது; கமடன் என்ற பகைவன் மேலே பாறையைத் தூக்கி வீச வருகிறான், கீழே அவனே தோற்றுக் கும்பிட்டுக் கிடக்கிறான். முன்னும் பின்னுமான இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே சட்டத்தில் அடைத்த சாமர்த்தியம் அது. பாகுபலியின் உடம்பில் கொடி படர்ந்திருக்க, இரு பக்கமும் சகோதரிகள் நிற்கிறார்கள். அம்பிகை சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கிறாள். எண்ணிப் பார்க்க வேண்டியது இவற்றின் கீழே உள்ள எழுத்துகளைத்தான். வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். பெரும்பாலும் இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்ற ஒற்றை வரி. கொடுத்தவர்களில் பேரரசர்கள் இல்லை. பல ஊர்க் குடியானவர்கள், தச்சர் போன்ற கைவினைஞர்கள், துறவிகள், அவர்களுடைய மாணாக்கர்கள். குணசாகர பட்டாரர் என்ற ஆசிரியரின் பெயர் வருகிறது. குமரிப் பக்கம் திருச்சாரணத்து மலையிலிருந்து, அதாவது இன்றைய சிதறாலிலிருந்து, குரத்திகள் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் வருகின்றன. பெண் குருவுக்கு மாணவர் இருந்ததையும் அந்த மாணவர் திருமேனி செய்வித்ததையும் கல்லில் இவ்வளவு சாதாரணமாகப் பதிந்த ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. ஓர் அரசன் பொக்கிஷம் திறந்து எடுக்கத் தொடங்கிய கோயில் பாதியில் நின்றது; ஆளுக்கொரு மாடமாக, சிறுகச் சிறுகச் செய்த வேலை பாறை நிறையும்வரை நடந்தது. பொருளாதாரம் இங்கே சிற்ப வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். பாண்டிய நாட்டில் சைவமும் சமணமும் அருகருகே அமைதியாக இருந்தன என்று சொல்ல முடியுமா? சம்பந்தரோடு வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று பெரியபுராணம் சொல்கிறதே, கோயில் திருவிழாக்களில் அது நடித்தும் காட்டப்பட்டதே? அந்த இலக்கிய மரபில் வெறுப்பு இல்லை என்று யாரும் வாதிட முடியாது. சம்பந்தரின் தேவாரத்தில் சமணரை ஏசும் பாடல்கள் பத்தாம் பாட்டுத்தோறும் வருகின்றன. ஆனால் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். சம்பந்தரும் அவர் காலத்துப் பாண்டியன் நின்றசீர் நெடுமாறனும் 7ஆம் நூற்றாண்டினர். கழுகுமலைத் திருமேனிகளும் கல்வெட்டுகளும் 8, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கழுவேற்றக் கதை சொல்வதுபோல் பாண்டிய நாட்டுச் சமணம் வேரோடு அழிந்திருந்தால், நூறாண்டு கழித்துக் குமரியிலிருந்து குரத்திகள் இங்கே வந்து திருமேனி செய்விக்க வழியே இல்லை. மேலும், இங்குள்ள சமணக் கல்வெட்டுகளில் சில பாண்டிய மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லியே காலம் குறிக்கின்றன. தங்களை ஒடுக்கும் எதிரியாக அவனைக் கருதியவர்கள் அப்படிச் செய்திருப்பார்களா? ஆனைமலையிலும் இதே காட்சிதான்: நரசிங்கர் குடைவரை இருக்கும் அதே மலையில் வட்டெழுத்தோடு தீர்த்தங்கரர்கள். மோதல் இருந்தது, அது பாட்டிலும் அவையிலும் நடந்தது, எப்போதாவது அரசியலிலும் நடந்திருக்கலாம். மலைமுகத்தில் இடம் பிடிக்கும் போட்டியாக அது மாறவில்லை. காரணம் எளிது. பாறை பெரியது; ஒருவர் செதுக்கிய முகம் இன்னொருவர் வழியை அடைக்காது. ஒரு மாடத்துக்கு அருகே இன்னொரு மாடம் வந்தால் முதல் மாடத்தின் மதிப்புக் குறையாது. சமணம் பின்னால் இந்த வட்டாரத்தில் தேய்ந்து மறைந்தபோதும் யாரும் ஏணி வைத்து ஏறித் திருமேனிகளின் முகத்தைச் சிதைக்கவில்லை. அருகே அய்யனார் வந்து அமர்ந்தார். ஊர்க்காரர்கள் இரண்டையும் கடந்து சுனைக்குப் போனார்கள்.

அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலின் கதை வேறு. இதுவும் தொடக்கத்தில் குடைவரைதான். கருவறை மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஒரு முகமும் ஆறு கைகளுமாக மயில்மேல் அமர்ந்து மேற்கு நோக்கும் முருகன். இராமாயணத்துச் சம்பாதி வழிபட்ட தலம் என்பது தலபுராணம். கருவறைக்கு மேலே தனியாக விமானம் இல்லை, மலையே விமானம் என்று பக்தர்கள் சொல்வது வெறும் பக்திப் பேச்சு அன்று, கட்டட உண்மையும்கூட. அதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. சமவெளிக் கோயிலில் கருவறையைச் சுற்றிப் பிராகாரம், அதைச் சுற்றி இன்னொன்று என்று நான்கு பக்கமும் விரிந்துகொண்டே போகலாம். இங்கே கருவறையைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும்; கிரிவலம்தான் உள்பிராகாரம். கோயில் வளர்ந்தால் முன்பக்கமாக, ஊரை நோக்கித்தான் வளர முடியும். மண்டபங்கள் அப்படித்தான் ஒன்றன்முன் ஒன்றாக வந்தன. அதற்கும் அப்பால் கோயிலின் எல்லையாக நின்றவை தேர்வீதிகள். தமிழ்க் கோயில் ஊர்கள் எதிலும் தேர்வீதி என்பது பாதி கோயில், பாதி தெரு. மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் நீளும் கழுகுமலையில் அந்தப் பாதி இன்னும் கனமானது.

அந்தக் கனத்தை ஏற்றியவர்கள் எட்டயபுரம் ஜமீன்தார்கள். 1799இலும் 1801இலும் நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பிறகு கும்பினி அரசு கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது. 1803இல் எட்டயபுரம், சிவகிரி போன்ற பாளையங்களை நிரந்தர வரித்திட்டத்தின் கீழ் ஜமீன்களாக்கியது. படை நடத்தி மதிப்புத் தேடிய குடும்பங்களுக்கு இனி அது முடியாது. மிஞ்சியது கோயில் மரியாதை: முதல் பரிவட்டம், முதல் பிரசாதம், தேர் வடத்தில் முதல் கை. 19ஆம் நூற்றாண்டில் தென்மாவட்ட ஜமீன்கள் தேரிலும் தெப்பத்திலும் புலவர் ஆதரவிலும் கொட்டிய பணம் பழைய படைச்செலவின் மறுபிறவி என்பது என் கணிப்பு. சங்கரன்கோவிலுக்கு அருகே சென்னிகுளத்தில் பிறந்து, 1891இல் இளவயதிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்தக் கழுகுமலை முருகன்மேல்தான். ஊற்றுமலை ஜமீனும் எட்டயபுரமும் அவருடைய வாழ்க்கைக் கதையில் வருவது தற்செயல் இல்லை. கவனியுங்கள்: அந்தக் காலத்துக் கலை செலவழிந்தது நின்று பார்க்கும் சிற்பத்தில் அல்ல. நடந்து பாடும் சிந்து, ஊர்வலம், காவடி, தேர் என்று எல்லாமே வழியில் போகிற கலை. வழி யாருடையது என்ற கேள்வி எழாமல் எப்படி இருக்கும்?

தேரின் இயக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் கேள்வியின் கூர்மை விளங்கும். தேருக்குச் சுக்கான் கிடையாது. மரச்சக்கரங்கள் அச்சில் நேராக மட்டுமே உருளும். வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுக்க, பக்கத்தில் கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் செருகியும் உருவியும் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடிப்பார்கள். பின்னாலிருந்து நெம்பு போடுவார்கள். மூலை திருப்பத்தில் தேர் நெடுநேரம் நின்று நகரும். மேலே அலங்காரத் தட்டுகளும் தொம்பைகளும் அடித்தளத்தைவிட அகலமாக விரிந்திருக்கும். ஆகவே தேர்வீதியின் அகலத்தை நிர்ணயிப்பது மாட்டுவண்டி அல்ல, ஆண்டில் ஓரிரு நாள் ஓடும் தேர். வீட்டுத் தாழ்வாரம் எவ்வளவு நீளலாம், திண்ணை எங்கே முடிய வேண்டும், பந்தற்கால் எங்கே நடலாம் என்பதெல்லாம் அந்தத் தேரை வைத்தே. அந்த வீதியில் ஒருவர் ஓரடி முன்னால் வந்தால் சாமி நின்றுவிடும். பாறையில் இல்லாத ஒரு பண்பு இது: இங்கே ஒருவரின் கட்டடம் மற்றவரின் வழிபாட்டை உண்மையிலேயே நிறுத்தக்கூடும். யார் அந்த வீதியில் வீடு வைத்திருக்கலாம், யார் கல்யாண ஊர்வலம் போகலாம், யார் பல்லக்கு ஏறலாம் என்ற சாதி விதிகள் இந்தக் கட்டட உண்மையின்மேல் ஏறி உட்கார்ந்தன. கழுகுமலையில் நாடார் சமூகத்தினருக்கு அந்த வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை மறுக்கப்பட்டது. வணிகத்தில் முன்னேறி, பணமும் படிப்பும் தேடிக்கொண்டிருந்த சமூகம் அது. அதற்கு அந்த மறுப்பு வெறும் சடங்குக் குறையாகத் தெரிந்திருக்காது.

கிறித்தவம் இந்த வட்டாரத்துக்குப் புதிதா? துளியும் இல்லை. கழுகுமலைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா கோயில் மதுரை மிஷன் காலத்திலிருந்து இருக்கிறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றினார். அதே வட்டாரத்துக் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டு மரண தண்டனையிலிருந்து தப்பினார். ஆக, எதிர்ப்பே இல்லாமல் அந்த மறைப்பணி வளர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் காமநாயக்கன்பட்டியும் எட்டயபுரத்தார் ஆளுகைக்குள் இருந்த ஊர்தான்; பாளையக்காரர் நிலமும் பாதுகாப்பும் தந்ததாக அந்தக் கோயிலின் மரபே பேசுகிறது. பெரிய கோயில், ஆகஸ்ட் 15இல் பெருந்திருவிழா, சுற்று வட்டாரத்து இந்துக்களும் வந்து நேர்ச்சை செலுத்தும் வழக்கம். மாதாவுக்குத் தேரே உண்டு. தலைமுறை தலைமுறையாக எட்டயபுரம் இதைப் பொறுத்துக்கொண்டது மட்டுமல்ல, பெருமையாகவும் கருதியிருக்கலாம். அப்படியானால் கழுகுமலையில் ஒரு சின்னஞ்சிறு செபக்கூடம் ஏன் ஊரைக் கொளுத்தியது? இரண்டு கட்டடங்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் விடை தானாக வரும். காமநாயக்கன்பட்டிக் கோயில் தனக்கென்று ஓர் ஊரையும் தனக்கென்று தேரோடும் தெருவையும் வைத்துக்கொண்டது. கழுகுமலைச் செபக்கூடம் முருகன் தேர் ஓடும் தெருவில் வந்து நின்றது.

ஊர்வல உரிமை கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்ட நாடார் குடும்பங்கள் கத்தோலிக்க மறையைத் தழுவின. தேர்வீதியில் ஒரு வீட்டை வாங்கி அதைச் செபக்கூடமாக்கினார்கள். கட்டடக் கலை என்ற முறையில் சொல்ல அதில் ஒன்றுமில்லை: கோபுரம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, ஒரு சாதாரண வீடு. ஆனால் இடத்தேர்வு என்ற முறையில் அந்த நூற்றாண்டில் இந்த மாவட்டத்தில் எழுந்த எந்தப் பெரிய தேவாலயத்தையும்விடக் கூர்மையானது அது. தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் தெருவிலேயே தங்கள் தெய்வத்தைக் குடியேற்றிவிட்டார்கள். 1895 ஏப்ரலில் பங்குனி உத்திரத் தேரோட்டம். செபக்கூடத்துக்கு முன்னால் பந்தல். தேர் வரும் வழியில் பந்தல். விலக்கு, விலக்க முடியாது என்ற வாக்குவாதம் கைகலப்பாகி, கைகலப்பு வெட்டும் குத்துமாகி, வீடுகள் எரிந்தன. பத்துப் பேர் இறந்தார்கள். எட்டயபுரம் ஜமீனின் மேலாளரும் கொல்லப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து 1899 ஜூனில் வெடித்த சிவகாசிக் கலவரத்துக்கு முன்னோட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பார்கள். ஏறத்தாழ இந்த ஆண்டுகளில்தான் அரசின் கல்வெட்டுத் துறையினர் மேலே பாறையில் இருந்த வட்டெழுத்துகளைப் படியெடுத்தார்கள் என்பது வேடிக்கையான பொருத்தம். மேலே அரசாங்கம் ஆயிரமாண்டுப் பெயர்களைக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிறது; கீழே அதே அரசாங்கத்தின் போலீஸ் ஒரு பந்தலின் நான்கு கால்களுக்காகச் சாட்சி விசாரிக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, முந்தையதைவிட வலுவானது. நடந்தது அப்பட்டமான சாதிச் சண்டை. அதைக் கட்டட அமைப்பு என்றும் தெருவின் அகலம் என்றும் விளக்குவது ஒடுக்கியவர்களின் பொறுப்பைப் பந்தற்கால்மேல் ஏற்றும் வேலை இல்லையா? சாதிதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாதி காற்றில் நிற்பதில்லை. கோயில் வாசல், கிணற்றடி, தெருமுனை என்று இடங்களில்தான் அது உடம்பெடுக்கிறது. சாதியை மட்டும் சொல்லிவிட்டால், ஏன் இந்த இடத்தில், ஏன் இந்த நாளில் என்பதற்குப் பதில் கிடைக்காது. சட்டத்தைப் பாருங்கள். சேலத்தில் 1882இல் நடந்த கலவரத்தை அடுத்து, பொதுத்தெருவில் ஊர்வலம் போகும் உரிமை எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜமீனின் கண்ணில் கோயிலின் கடைசிப் பிராகாரமாக இருந்த வீதி, நீதிமன்றத்தின் கண்ணில் ராணியின் பொதுச் சாலை. ஒரே மண்ணுக்கு இரண்டு வரைபடங்கள். நாடார்கள் இரண்டாவது வரைபடத்தைக் கையில் எடுத்தார்கள்; எதிர்த்தவர்கள் முதலாவதை விடவில்லை. கோயிலுக்குள்ளேயே நுழைய முயன்றபோது நிலைமை தலைகீழானது: கமுதியில் 1897இல் நாடார்கள் கோயிலுக்குள் சென்றதை எதிர்த்து இராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட, 1908இல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. தெருவில் சட்டம் துணை, கோயிலுக்குள் சட்டம் பகை. தெருவில் ஒரு வீடு வாங்கிச் செபக்கூடம் வைப்பது தெருவின் அந்தச் சட்டநிலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களின் நகர்வு.

மதம் மாறினால் சாதியின் இடக்கணக்கு மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. தெற்கே வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கத்தோலிக்கக் கோயிலே அதற்குச் சாட்சி. பீடம் ஒன்று; அதை நோக்கி வரும் நடைகள் இரண்டு; நாடார்களும் வேளாளர் முதலியோரும் ஒருவரையொருவர் பாராமல் பூசை காண, இடையே தடுப்பு. ஒரு சாதிப் பிரச்சினைக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதிய தீர்ப்பு அந்த வரைபடம். காசேனல் அடிகள் 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார். ஊர் கொந்தளித்தது, வழக்கு நடந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். கழுகுமலையில் தெருவில் நடந்தது வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் நடந்தது, அவ்வளவுதான். சமயம் எதுவானாலும், பலர் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டிய கட்டடத்தில் முன்னே பின்னே யார் என்ற கேள்வி வரும். ஆளுக்கொரு மாடமாகச் செதுக்கும் பாறையில் அது வராது.

இப்படிச் சொல்வது 8ஆம் நூற்றாண்டைப் பொற்காலமாக்குவதற்கல்ல. வேள்விக்குடிச் செப்பேட்டைப் படித்தவர்களுக்கு அந்தக் காலத்துச் சமூகம் சமத்துவமாக இருந்தது என்ற மயக்கம் வராது. நிலம் யாருக்குக் கிடைத்தது, யாரிடமிருந்து போனது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. வெட்டுவான் கோயிலின் பாறையை உடைத்த கூலியாட்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. சமணப் பாறையில் பெயர் பொறித்துக்கொண்டவர்கள் ஒரு திருமேனிக்கு ஆகும் செலவைத் தாங்க முடிந்தவர்கள். அதற்கு வழியில்லாதவர்கள் அந்தப் பட்டியலிலும் இல்லை. மலை இடம் கொடுத்தது என்றால் அது நல்ல மனத்தோடு கொடுத்த இடமென்று பொருளில்லை; மலைக்கு வாசல் இல்லாததால் தடுக்க ஆளில்லை என்றுதான் பொருள். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நாடார்களும் தாழ்த்தப்பட்டோரும் நுழைந்து, அதை ஒட்டிச் சட்டமும் வந்தபோதுதான் வாசல் உள்ள இடங்களிலும் அந்தத் தடை சட்டப்படி தளர்ந்தது.

ஆகவே கழுகுமலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாகனத்தை நேரே மலையேறும் பாதையில் கொண்டுபோய் நிறுத்தி, வெட்டுவான் கோயிலைப் படமெடுத்து, தகப்பன் மகன் கதையைக் கேட்டு, வந்த வழியே திரும்புவதுதான் இப்போதைய வழக்கம். இறங்கிய பிறகு தேர்வீதிகளையும் ஒரு சுற்று நடந்து பார்க்கலாம். தேர் திரும்பும் மூலைகளில் தெரு எவ்வளவு அகலமாகிறது, வீடுகள் எங்கே பின்வாங்கி நிற்கின்றன, எந்த இடத்தில் ஒரு பந்தற்கால் தேரை நிறுத்தக்கூடும் என்பதைக் கண்ணால் அளக்கலாம். ஊரில் கத்தோலிக்கக் கோயில் இன்றும் இருக்கிறது; பங்குனி உத்திரத்துக்குத் தேரும் ஓடுகிறது.